முகம் வீங்குகிறதென்று மாத்திரையை நிறுத்தலாமா?

வாசகர் கடிதம்:

"டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் தென்காசிப் பக்கம். என் அம்மாவுக்கு 56 வயது. இரண்டு வருடமாக மூட்டுகளில் முடக்குவாதம். காலையில் எழுந்தால் கைவிரல்கள் மடங்காது, தலை பின்னக்கூட முடியாது. ஒரு வருடம் பக்கத்து ஊரில் ஒருவர் கொடுத்த மூட்டுவலிப் பொடியைச் சாப்பிட்டார். நன்றாகவே கேட்டது. அவர் ஊரை விட்டுப் போய்விட்டதால் டாக்டரிடம் போனோம். அவர் தினமும் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரையும், வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். தினசரி மாத்திரை போட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது. வாரமாத்திரை குமட்டுகிறது என்று அம்மா அதைப் பாதி வாரங்களில் போடாமல் விட்டுவிடுகிறார்.

மூன்றாவது மாதம் முகம் உப்பி வட்டமாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை 240 காட்டியது. 'அது ஸ்டீராய்டு, உடம்பை அரித்துவிடும்' என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். பயந்துபோய் ஐந்தாம் மாதம் நான்தான் அந்தத் தினசரி மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். ஒரு வாரத்தில் அம்மா துவண்டுபோனார். வாந்தி, தலைசுற்றல். பத்தாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பிரஷர் 80-க்கு இறங்கிவிட்டது என்று ஊசி போட்டு, சலைன் ஏற்றி, அதே மாத்திரையை மறுபடி கொடுத்துவிட்டார்கள். 'இது உடம்பில் சுரக்கிற ஹார்மோன்தான் அம்மா' என்றார் அங்கிருந்த டாக்டர்.

உடம்பிலேயே சுரப்பது எப்படி உடம்பைக் கெடுக்கும்? கெடுக்கிற மருந்தை நிறுத்தினால் ஏன் உயிருக்கு ஆபத்து வருகிறது? என் எட்டு வயது மகன் வீசிங்குக்கு பம்ப் அடிக்கிறான். அதிலும் ஸ்டீராய்டுதான் என்கிறார்கள். அதையும் நிறுத்திவிடவா? அம்மாவை நானே விழ வைத்துவிட்டேனோ என்று தூக்கம் வரவில்லை."

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். இந்த மாத்திரையை எழுதிக் கொடுக்கும்போதே "முகம் கொஞ்சம் உப்பும், சர்க்கரை ஏறலாம், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் மயங்கி விழுவீர்கள்" என்று உட்கார வைத்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்களாகிய எங்கள் வேலை. அந்த இரண்டு நிமிடப் பேச்சு உங்கள் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் கண்ணுக்கு முன்னால் அம்மாவின் முகம் மாறியது, சர்க்கரை ஏறியது, நீங்கள் பயந்தீர்கள். யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். அம்மா பிழைத்து வீட்டில் இருக்கிறார். இனி என்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல ஆளுக்கொரு சிறிய சுரப்பி உண்டு. அட்ரீனல் என்று பெயர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம் எடைதான் இருக்கும். அதன் வெளிப்புறத் தோல் போன்ற பகுதிக்கு கார்டெக்ஸ் என்று பெயர். அங்கே சுரப்பதால்தான் இந்த ஹார்மோன்களுக்கு கார்டிகோஸ்டீராய்டு என்று பெயர் வந்தது. அவற்றில் முக்கியமானது கார்டிசோல். காலையில் நாம் கண் விழிக்கும் நேரத்தில் இது ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும். பகல் போகப் போகக் குறைந்து, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரும். இரவு முழுக்கச் சாப்பிடாமல் தூங்கினாலும் சர்க்கரை தரைதட்டாமல் இருப்பதற்கும், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றாமல் இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். காய்ச்சல், விபத்து, ஆபரேஷன் என்று உடம்புக்கு நெருக்கடி வந்தால் இதே சுரப்பி வழக்கத்தைப் போலப் பல மடங்கு கார்டிசோலைக் கொட்டும்.

எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைச் சுரப்பி தானாக முடிவு செய்வதில்லை. மூளையின் அடியில் பிட்யூட்டரி என்ற பட்டாணி அளவுச் சுரப்பி இருக்கிறது. அது ஏ.சி.டி.ஹெச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பி "சுர" என்று சொன்னால்தான் அட்ரீனல் சுரக்கும். பிட்யூட்டரிக்கு மேலே ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருந்து அதையும் கண்காணிக்கிறது. ரத்தத்தில் கார்டிசோல் போதுமான அளவு ஏறியதும் மூளை உத்தரவை நிறுத்திவிடும்.

உங்கள் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மிதவை சுவிட்ச் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் கீழே மோட்டார் ஓடும், நிரம்பினால் நின்றுவிடும். இப்போது தினமும் ஒரு லாரி வந்து தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் போகிறது என்று வையுங்கள். மிதவை எப்போதும் மேலேயே நிற்கும். மோட்டாருக்கு வேலையே இல்லை. ஐந்து மாதம் ஓடாத மோட்டார் என்ன ஆகும்? துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் ஒரு நாள் லாரி வரவில்லை. தொட்டி காலியாகிறது, மிதவை கீழே இறங்குகிறது, சுவிட்ச் விழுகிறது, மோட்டார் உறுமுகிறதே தவிர தண்ணீர் ஏறவில்லை.

அம்மாவுக்கு நடந்தது இதுதான். நம் உடம்பு சாதாரண நாளில் சுரக்கும் கார்டிசோலை பிரெட்னிசோலோன் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிகிராம். அம்மா விழுங்கியது 10. மூளை அந்த மாத்திரையையும் கார்டிசோலாகவே எண்ணும். ஏ.சி.டி.ஹெச். வராமல் போனதால் அட்ரீனல் வேலையை விட்டது மட்டுமல்லாமல் உண்மையிலேயே சுருங்கியும் போகும். இப்படிச் சுருங்கிப்போன சுரப்பி பழைய நிலைக்கு வரச் சிலருக்கு வாரங்கள் போதும், சிலருக்கு மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகிறது. மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தியபோது அம்மாவின் உடம்பில் வெளியிலிருந்து வந்த கார்டிசோலும் இல்லை, உள்ளே சுரக்கும் கார்டிசோலும் இல்லை. ரத்தக் குழாய்கள் இறுக்கமாக இருந்தால்தான் பிரஷர் நிற்கும். அந்த இறுக்கத்தை உண்டாக்கும் அட்ரினலின் போன்ற ஹார்மோன்களின் பேச்சை ரத்தக் குழாய் கேட்க வேண்டுமென்றால் கார்டிசோல் கூட இருக்க வேண்டும். அது இல்லாததால்தான் பிரஷர் 80-க்கு விழுந்தது. வாந்தியும் துவட்சியும் அதன் முன்னறிவிப்பு. அங்கே போட்ட ஊசி பெரும்பாலும் ஹைட்ரோகார்டிசோனாக இருக்கும், அதாவது அசல் கார்டிசோல். அதைச் சரியான நேரத்தில் போட்ட மருத்துவரின் கையைப் பிடித்து நான் நன்றி சொல்வேன். இந்த நிலையைச் சாதாரண வாந்திமயக்கம் என்று நினைத்து வெறும் சலைனோடு அனுப்பிவிடுவது நடக்கக்கூடியதுதான்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது நானே அப்படித் தவறவிட்டிருக்கிறேன். குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மாரடைப்பு வந்ததா என்று எல்லாம் கேட்டு எழுதினேன். வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. மூச்சுத் திணறலுக்காக இரண்டு வருடமாகச் சாப்பிட்டுவந்த பிரெட்னிசோலோனை, ஆஸ்பத்திரியில் வேறு மாத்திரை கொடுப்பார்கள் என்று எண்ணி அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இரவில் பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. ரத்தக்கசிவோ என்று தேடினோம், ஒன்றும் இல்லை. மூத்த மருத்துவர் ஒருவர் வந்து அவருடைய கையின் தோலைப் பார்த்தார். சிகரெட் தாள் போல மெலிந்து, அங்கங்கே ஊதா நிறத் தழும்புகள். "இவர் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரா?" என்று கேட்டார். மனைவி ஆமாம் என்றார். ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் அவர் கண் விழித்துப் பேசினார். அன்றிலிருந்து நான் யாரைப் பார்த்தாலும் அந்தக் கேள்வியைத் தவறவிடுவதில்லை. கார்டிசோலின் நெருங்கிய உறவான கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு, மருந்தாகப் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1952-ல், இதே போல ஆபரேஷனுக்குப் பின் பிரஷர் விழுந்து இறந்துபோன ஒரு நோயாளியைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எழுபது வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த ஆபத்து இது.

சரி, உடம்பில் சுரப்பது எப்படிக் கெடுக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன்.

கார்டிசோலும் சரி, பிரெட்னிசோலோனும் சரி, கொழுப்பில் கரையும் பொருட்கள். உடம்பு கார்டிசோலைத் தயாரிப்பதே கொலஸ்ட்ராலிலிருந்துதான். அதனால் இவை உடம்பின் எந்தச் செல்லின் சுவரையும் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே இவற்றுக்காகவே ஒரு புரதம் காத்திருக்கிறது. அதை ஏற்பி என்கிறோம். மருந்து வந்து பொருந்தியதும் இரண்டும் சேர்ந்து செல்லின் கருவுக்குள் நுழைந்து நேராக மரபணுக்கள் மீதே கை வைக்கும். மூட்டைத் தாக்கி வீக்கமும் வலியும் உண்டாக்கும் அழற்சிப் பொருட்களைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுக்களை அமர்த்தும். அழற்சியை அடக்குபவற்றை எழுப்பும். மரபணு வேலை என்பதால் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும். ஆனால் தெரியத் தொடங்கிவிட்டால் அதன் வேகம் பிரமிக்க வைக்கும்.

1948 செப்டம்பர் 21-ம் தேதி அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் முதல்முறையாக கார்டிசோன் ஊசி போட்டார். அந்தப் பெண் ஒரு வாரத்தில் எழுந்து கடைவீதிக்குப் போய்வந்தார். முடக்குவாதம் உள்ள பெண்கள் கர்ப்பமானால் வலி தணிவதையும், மஞ்சள்காமாலை வந்தவர்களுக்கு மூட்டு வீக்கம் வடிவதையும் ஹென்ச் பல வருடம் கவனித்து, உடம்புக்குள்ளேயே வலியைத் தணிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும், கார்டிசோனைப் பிரித்தெடுத்த எட்வர்ட் கெண்டலுக்கும், சுவிட்சர்லாந்தில் அதே ஆராய்ச்சியைச் செய்த டாடியஸ் ரைக்ஸ்டைனுக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மாவின் விரல்கள் இரண்டாம் நாளே மடங்கியபோது உங்கள் வீட்டில் வந்த சந்தோஷம்தான் அன்று அந்த வார்டிலும் இருந்திருக்கும். மாதக் கணக்கில் கொடுத்த பிறகுதான் முகம் உப்பியதும், எலும்பு நொறுங்கியதும் அவர்களுக்கும் தெரியவந்தது.

ஏனென்றால், அந்த ஏற்பி மூட்டில் மட்டும் இல்லை. கல்லீரலில், தசையில், எலும்பில், தோலில், கண்ணில், மூளையில் எல்லாம் இருக்கிறது. விரல் மூட்டுக்கு மட்டும் போ என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது. கல்லீரலுக்குப் போய் "நெருக்கடி வந்திருக்கிறது, சர்க்கரை தயாரி" என்கிறது. தசைக்குப் போய் "நீ சர்க்கரையைத் தொடாதே, உன் புரதத்தை உடைத்துக் கொடு" என்கிறது. நெருக்கடியான நாலு நாளுக்கு உயிர் காக்கும் ஏற்பாடு இது. அதையே ஐந்து மாதம் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் சர்க்கரை ஏறும், தொடைத் தசை மெலியும். அம்மா தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அது வயசானதால் என்று விட்டுவிட வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரையில் ஒரு நுணுக்கம் உண்டு. காலையில் ஒரு வேளை பிரெட்னிசோலோன் சாப்பிடுபவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பல நேரம் சரியாகவே இருக்கும். ஏறுவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் மாலையிலும்தான். காலையில் மட்டும் ரத்தம் கொடுத்துவிட்டு "சர்க்கரை நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. உங்கள் அம்மாவுக்கு 240 என்று தெரியவந்ததே சாப்பாட்டுக்குப் பின் பார்த்ததால்தான். மருந்தின் அளவு குறையும்போது இதுவும் பெரும்பாலும் இறங்கும். அதுவரை சர்க்கரைக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

முகம் உப்பியது நீர் கோத்ததால் மட்டும் அல்ல. கொழுப்பு கை காலிலிருந்து விலகி முகத்திலும், பிடரியிலும், வயிற்றிலும் போய்ச் சேர்கிறது. பசியும் கூடும். பெண்களுக்கு இது எவ்வளவு மனவருத்தம் தரும் என்பது எனக்குத் தெரியும். கல்யாணவீட்டுக்குப் போக மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இது நிரந்தரம் இல்லை என்று அம்மாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அளவு குறையக் குறைய, சில மாதங்களில் பழைய முகம் திரும்பும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் கட்டுப்படுத்தினால் நீர் கோப்பது குறையும்.

என்னைக் கவலைப்பட வைப்பது வெளியே தெரியாத எலும்புதான். ஸ்டீராய்டு புது எலும்பு கட்டும் செல்களை மந்தமாக்குகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவதையும் குறைக்கிறது. எலும்பு வேகமாகக் கரைவது முதல் சில மாதங்களில். அம்மாவுக்கு மாதவிடாய் நின்றிருக்கும் வயது, அதனால் ஏற்கெனவே எலும்பு மெலியும் காலம். குளியலறையில் விழுந்திருக்கிறார் வேறு. முதுகில் புதிதாக வலி இருக்கிறதா, உயரம் குறைந்தாற்போலத் தெரிகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் முதுகெலும்புக்கு எக்ஸ்ரே தேவை. தினமும் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடும் இந்த வயதுப் பெண்ணுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுக்க வேண்டும். எலும்பைக் காக்கும் தனி மருந்து தேவையா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். மருந்துச்சீட்டில் இவை இல்லையென்றால் நீங்களே கேளுங்கள். கேழ்வரகும் நெத்திலியும் பாலும் வீட்டில் கிடைப்பவைதானே, சேர்த்துக்கொள்ளுங்கள். வருடம் ஒருமுறை கண்ணையும் காட்டுங்கள், கண்புரையும் கண்ணழுத்தமும் சத்தமில்லாமல் வரும்.

கிருமியோடு போராடும் சேனையையும் இந்த மருந்து உட்கார வைக்கிறது. கொரோனா காலத்தில் இதன் இரண்டு முகத்தையும் நாம் பார்த்தோம். 2020-ல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டைத் தினமும் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள் கொடுத்ததில், வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆனாலும் இங்கே லேசான காய்ச்சலுக்கும் அதை அள்ளி விழுங்கினார்கள். 2021-ல் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணை இழந்தவர்களில் பலருக்குச் சர்க்கரையும் இருந்தது, அளவு மீறிய ஸ்டீராய்டும் உள்ளே போயிருந்தது. அதனால் அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்று வந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் பெரிதாகக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் யாருக்காவது சின்னம்மை போட்டால் அன்றே மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட வரி. வாரமாத்திரையை அம்மா பாதி வாரங்களில் போடாமல் விட்டுவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முடக்குவாதத்தின் வேரைப் பிடிப்பது அந்த மெத்தோட்ரெக்சேட்தான். ஆனால் அது பலன் காட்ட ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை விரல்கள் கோணிவிடாமல், ஆள் படுத்துவிடாமல் தாங்கிப் பிடிக்கத்தான் பிரெட்னிசோலோனைச் சேர்த்துக் கொடுக்கிறோம். வாரமாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் தினசரி மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் திட்டம். அம்மா பலன் உடனே தெரிகிற மாத்திரையைப் பிடித்துக்கொண்டு, பலன் மெல்லத் தெரிகிற மாத்திரையை விட்டுவிட்டார். அப்படியானால் ஸ்டீராய்டைக் குறைக்கவே முடியாது, குறைத்தால் வலி திரும்பும். முகம் உப்பியதற்கும் சர்க்கரை ஏறியதற்கும் இதுவும் ஒரு காரணம். குமட்டலுக்கு வழி இருக்கிறது. ஃபோலிக் அமிலம் கொடுப்பது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடுவது, ஊசியாக மாற்றுவது, வேறு மருந்துக்குப் போவது என்று மருத்துவரிடம் பல வழி உண்டு. குமட்டுகிறது என்று அவரிடம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும். ஒரு எச்சரிக்கை: மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள்தான். மறந்த வாரத்துக்கும் சேர்த்துப் போடுவது, தினமும் போடுவது இரண்டும் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள்.

அப்புறம் அந்தப் பொடி. பெயர், கம்பெனி, என்ன சேர்ந்திருக்கிறது என்ற எந்த விவரமும் இல்லாத பொடி ஒன்று, முடக்குவாத வலியை இரண்டு மூன்று நாளில் பறக்கவிட்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். நாட்டு மருந்து என்ற பெயரில் விற்கும் பொடியில் டெக்ஸாமெதாசோனோ பிரெட்னிசோலோனோ அரைத்துக் கலந்திருப்பது நம் நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவர்களைச் சொல்லவில்லை, அவர்களும் இதனால் வருத்தப்படுகிறவர்கள்தான். அம்மாவின் பொடியில் அது இருந்ததா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. இருந்திருந்தால் அவருடைய சுரப்பி தூங்கியது ஐந்து மாதம் இல்லை, ஒன்றரை வருடம் என்று ஆகிறது. எழுப்புவதற்கும் அதற்கேற்ற நாள் ஆகும். மருந்துக்கடையில் உடம்பு வலிக்கென்று சீட்டு இல்லாமல், நாலைந்து மாத்திரைகளைப் பேப்பரில் மடித்துத் தருகிறார்களே, அதிலும் பல நேரம் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு இருக்கும். கூடவே வலி மாத்திரையும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம். அம்மா அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இனிக் குறைப்பது எப்படி? மூட்டு நோய் அடங்கியிருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். 10-லிருந்து 7.5, பிறகு 5 என்று சில வாரங்களுக்கு ஒருமுறை இறங்கலாம். 5 வரை இறங்குவது ஓரளவு எளிது. அதற்குக் கீழேதான் நிதானம் வேண்டும். அங்கேதான் லாரித் தண்ணீர் வீட்டின் தேவையைவிடக் குறைகிறது. மிதவை இறங்கி, மூளை மறுபடி "சுர" என்று சொல்லத் தொடங்கும். துருப்பிடித்த மோட்டார் மெல்ல அசைய வேண்டும். அந்த நாட்களில் உடம்பு முழுக்க அலுப்பும், கை கால் குடைச்சலும், பசியின்மையும் வரலாம். அதைப் பார்த்து "நோய் திரும்பிவிட்டது" என்று மாத்திரையைக் கூட்டிவிடுவார்கள். மூட்டு வீங்கி, காலையில் விரல் மரக்கட்டையாக இருந்தால் அது முடக்குவாதம். மூட்டு சாதாரணமாக இருந்து, உடம்பு மட்டும் துவண்டால் அது கார்டிசோல் பற்றாக்குறையாக இருக்கலாம். மருத்துவரிடம் இந்த வித்தியாசத்தை இதே சொற்களில் சொல்லுங்கள். சுரப்பி எழுந்துவிட்டதா என்பதைக் காலை எட்டு மணி வாக்கில், அன்றைய மாத்திரை போடுவதற்கு முன், ரத்தத்தில் கார்டிசோல் அளவு பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எப்போது பார்ப்பது, முந்தைய மாத்திரைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை அவரே சொல்வார்.

மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு ஒரே வேளையாகப் போடட்டும். உடம்பின் கார்டிசோல் உச்சமும் காலையில்தான். இரவில் போட்டால் தூக்கம் கெடும், மறுநாள் காலை மூளை அனுப்ப வேண்டிய உத்தரவும் கூடுதலாக அமுங்கும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல் பிடுங்குவது, ஆபரேஷன் என்று எது வந்தாலும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. அம்மாவின் உடம்பால் இப்போதைக்கு நெருக்கடிக்கு ஏற்றாற்போலக் கூட்டிச் சுரக்க முடியாது. குறைந்த அளவுக்கு வந்தபின் காய்ச்சல் வந்தால் எத்தனை நாளைக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். வாந்தியெடுத்து மாத்திரை தங்கவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம், ஊசியாகப் போட வேண்டும், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். "ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், நிறுத்தியதால் ஏற்கெனவே ஒருமுறை மயங்கி விழுந்தவர், ஹைட்ரோகார்டிசோன் ஊசி தேவைப்படும்" என்று ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அம்மாவின் மணிபர்ஸில் வையுங்கள். உங்கள் போன் எண்ணும் அதில் இருக்கட்டும். மாத்திரையை முழுவதும் விட்ட பிறகும் ஒரு வருடத்துக்கு அந்த அட்டை இருக்கட்டும்.

மகனின் பம்ப்பை நிறுத்தாதீர்கள். அவன் மருந்தை மைக்ரோகிராமில் எடுக்கிறான். சிறுவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பம்ப்பில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 அல்லது 200 மைக்ரோகிராம். அம்மாவின் 10 மில்லிகிராம் என்பது 10,000 மைக்ரோகிராம். வேறு வேறு மருந்து என்பதால் நேராக ஒப்பிட முடியாது, இருந்தாலும் எவ்வளவு சிறிய அளவு என்பது புரியும். அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. நீண்டகாலம் அடிக்கும் பிள்ளைகள் வளர்ந்தபின் உயரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையலாம் என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். பம்ப்பை விட்டுவிட்டு நள்ளிரவில் மூச்சுக்குத் திணறும் பிள்ளையையும் நான் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு சென்டிமீட்டரை நான் பெரிதாக எண்ணவில்லை. பம்ப்பில் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்தி அடிக்கட்டும், அடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பட்டும். அளவைக் குறைக்க முடியுமா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கட்டும். பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளைகள் "ஸ்டீராய்டு போடுகிறான்" என்று கேலி செய்தால், உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர்க்கச் சிலர் திருட்டுத்தனமாகப் போடும் ஊசி வேறு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது ஆண் ஹார்மோன் வகை. இரண்டும் கொலஸ்ட்ராலிலிருந்து பிறந்த ஒரே குடும்பம் என்பதால் பெயர் ஒன்றாக இருக்கிறது. வேலையோ நேர் எதிர்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அந்தப் பொடியில் ஒரு பொட்டலம் மிச்சமிருந்தால் அதையும் வையுங்கள். அம்மா கோபித்துக்கொண்டாலும் வாரமாத்திரை விட்டுப்போன கணக்கை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதுவரை நாளைக் காலையும் அந்த 10 மில்லிகிராமைச் சாப்பாட்டோடு கொடுங்கள்.